ஆசிட் மாற்றினால் பேட்டரி மீளுமா?

கேள்வி: எங்கள் வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஐந்து ஆண்டுப் பழையது. முன்பு நான்கு மணி நேரம் தாங்கியது, இப்போது அரை மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. ஆசிட்டை மாற்றினால் போதும் என்கிறார் ஒருவர். மாற்றலாமா, புதிதே வாங்க வேண்டுமா?
– வாசகர், குளச்சல்

பதில்: ஆசிட்டை மாற்ற வேண்டாம். பேட்டரி பயன்படும்போது ஆசிட்டிலுள்ள சல்பேட் ஈயத் தகடுகளில் படிகிறது. சார்ஜ் ஏறும்போது மீண்டும் ஆசிட்டில் கலந்துவிடுகிறது. அரைகுறையாகவே சார்ஜ் ஏறி வந்தாலோ, 2017-இல் ஒக்கிப் புயலுக்குப் பின் உங்கள் மாவட்டத்தில் நேர்ந்ததுபோல் பல நாள் மின்சாரமின்றி, சார்ஜ் வற்றிய நிலையிலேயே கிடந்தாலோ, அந்தப் படிவு கெட்டிப்பட்டு எளிதில் கரையாததாகிவிடும். குறைந்துவிட்டதாகத் தோன்றும் ஆசிட்டின் பெரும்பகுதி அந்தப் படிவில்தான் அடைபட்டிருக்கிறது. அந்நிலையில் புது ஆசிட்டை ஊற்றினால் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) காட்டும் அளவு உயருமே தவிர, பேட்டரி தாங்கும் நேரம் கூடாது. தகடுகளும் விரைவில் அரிக்கப்படும்.

காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்து (கிணற்று நீரிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும்), முழுதாகச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் கழித்து பேட்டரியின் ஆறு செல்களையும் (தனித்தனி அறைகள்) ஒவ்வொன்றாக ஹைட்ரோமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பழுதுபார்க்கவோ புதிதாக வாங்கவோ பணம் செலவிடுவது சரியன்று. நலமான செல் ஏறக்குறைய 1.240 அல்லது அதற்கு மேல் காட்டும். ஆறும் ஏறக்குறைய ஒரே அளவில் தாழ்ந்திருந்தால் நம்பிக்கை உண்டு: காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அண்டாமல், 7 ஆம்பியர் அளவில் மெதுவாக நீண்ட நேரம் சார்ஜ் ஏற்றினால் படிவின் ஒரு பகுதி கரையக்கூடும். சார்ஜின்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வெளிவருவதால், இதைப் பேட்டரிக் கடையிலேயே செய்துகொள்வது நல்லது. ஒரே ஒரு செல் மட்டும் வெகுவாகத் தாழ்ந்து, 12.6 வோல்ட் இருக்க வேண்டிய பேட்டரி 10.5 அருகில் நின்றால், அந்தச் செல் ஷார்ட் ஆகியிருக்கும். அதற்குமேல் செய்யும் செலவு வீண். ஐந்தாண்டுப் பேட்டரியில் தகட்டிலிருந்து உதிர்ந்து அடியில் தங்கிய பொருளையும் எந்தச் சார்ஜும் மீட்டுத் தராது.

புதிது வாங்குவதாயின், பழைய பேட்டரியின் ஆசிட்டைத் தென்னந்தோப்பிலோ ஓடையிலோ கொட்டாமல், அப்படியே கடையில் கொடுத்து, அதற்கான தொகையைப் புதிய பேட்டரியின் விலையில் கழிக்கச் சொல்லுங்கள். உப்புக்காற்று வீசும் ஊர் என்பதால், புதிய பேட்டரியின் டெர்மினல்களில் பெட்ரோலியம் ஜெல்லி தடவி வையுங்கள்.