பில்லையும் பையையும் எறிந்துவிடாதீர்கள்

இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டு, தை மாதம் திருச்சியிலிருந்து வரப்போகிற தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அங்கே சாமான் விலையெல்லாம் மூன்று மடங்காமே? மசாலா, பருப்பு எல்லாம் இங்கிருந்தே அள்ளிக்கொண்டு வரட்டுமா? தள்ளுபடி எப்போது போடுவார்கள்? கெட்ட சாமான் கைக்கு வந்துவிட்டால் யாரிடம் போய் நிற்பது?"

நானும் துறையூர்ப் பெண்தான் தங்கச்சி. கல்யாணமாகி வந்து ஹட்டனில் குடித்தனம் நடத்துகிறேன். உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் விலையைத்தான் கேட்பார்கள், இதைக் கேட்க மாட்டார்கள்.

விலையைப் பற்றி ஒரே வார்த்தை. நம்ம ஊர் ஒரு ரூபாய்க்கு இங்கே மூன்று ரூபாய்க்கு மேல் வரும். அதனால் விலைச்சீட்டில் பெரிய எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். இங்கத்து வருமானத்தோடு வைத்துப் பாருங்கள். தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2024 செப்டம்பரில்தான் 1350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் 400 கிராம் பால்மா (பால் பவுடர்) பை ஒன்று ஆயிரம் ரூபாயை ஒட்டி நின்றது. அதாவது நாள் முழுக்கக் கொழுந்து பறித்த கூலியில் முக்கால் பங்கு ஒரே பையில் போய்விட்டது. அப்படி வாங்கிய பையில் கோளாறு இருந்தால் அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். நான் இவ்வளவு நீளமாக எழுதுவது அதனால்தான்.

2015இல் மாகி நூடுல்ஸைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் மூன்று மாதத் தடை போட்டார்கள், டிவியில் ஓயாமல் ஓடியது. பிறகு மும்பை உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. இங்கேயும் அது போல நடந்திருக்கிறது. 2013 ஆகஸ்டில், நியூசிலாந்திலிருந்து வந்த பால்மாவில் சில தொகுதிகளை (பேட்ச்) விற்கக் கூடாது, சந்தையிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சு உத்தரவு போட்டது. புல்வெளியில் நைட்ரஜன் சத்து வீணாகாமல் இருக்கத் தெளித்துவந்த டிசிடி என்ற வேதிப்பொருள் பாலில் கலந்திருக்கிறது என்பது காரணம். மலையகத்தில் குழந்தைக்கும் பால்மா, விருந்தாளி தேத்தண்ணீருக்கும் பால்மா. வீட்டில் இருக்கிற பால்மா அந்தத் தொகுதியா இல்லையா என்று தெரிய ஒரே வழி, பையில் அச்சிட்டிருக்கிற தொகுதி எண்.

இங்கேதான் சிக்கல். பனியும் மழையும் சேர்ந்து ஈரம் எப்போதும் சுவரில் நிற்கிற ஊர் இது. பால்மா கட்டி தட்டிவிடும் என்று, வாங்கி வந்த உடனே டின்னில் கொட்டி மூடிவிடுவார்கள். பை அடுப்புக்குப் போய்விடும். பையோடு தொகுதி எண்ணும் போயிற்று, காலாவதித் திகதியும் போயிற்று. டின்னில் கொட்டுங்கள், அது நல்ல பழக்கம்தான். பையை மட்டும் மடித்து ரப்பர் போட்டு டின்னோடு வைத்துக்கொள்ளுங்கள், மா முடிகிற வரைக்கும். குழந்தைப் பால்மா, டின் மீன், மசாலாத் தூள் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். பில்லையும் கூடவே வையுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அறிவிப்பு நம் வாசல் வரை வராது. கொழும்பில் ஒரு முடிவு எடுத்தால் பேப்பரிலும் செய்தியிலும் வரும். பெரிய சூப்பர் மார்க்கெட்டுக் கிளைகளில் தலைமை அலுவலகத்திலிருந்து சொன்னதும் தட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். தோட்டத்து மேல் டிவிஷன் சந்தியில் இருக்கிற சின்னக் கடைக்கு யார் போய்ச் சொல்வது? அந்தக் கடைக்காரர் மோசக்காரர் இல்லை, அவருக்கே விஷயம் தெரியாது. டவுனிலிருந்து ஒரு மொத்தக் கடையில் எடுத்து வந்து விற்கிறார். ஆகவே, செய்தியில் ஒரு பெயர் அடிபட்டால் நீங்களே பையை எடுத்து எண்ணைப் பாருங்கள். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிற பாட்டிமார் இருப்பார்கள். அவர்கள் டின்னையும் பையையும் நீங்கள் பார்த்துக் கொடுத்தால் பெரிய புண்ணியம்.

எண்ணெய்யில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். 2021 மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து வந்த தேங்காய் எண்ணெய்க் கொள்கலன்கள் 13இல் அளவுக்கு மீறிய அஃப்ளாடொக்சின் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. கொப்பரையில் பூஞ்சணம் பிடித்தால் வருகிற நஞ்சு அது, ஈரலுக்கு ஆகாது. சித்திரைப் புத்தாண்டுப் பலகாரம் சுடுகிற நேரம், நாடே கலங்கிப் போனது. போத்தலில் அடைத்து வருகிற எண்ணெய்யில் யார் அடைத்தது, எப்போது என்று போட்டிருக்கும், எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரையும் தேடிப் பார்க்கலாம். நம் போத்தலைக் கொடுத்து அளந்து வாங்கும் எண்ணெய்க்கு அப்படி ஒன்றும் இல்லை. சீனி, பருப்பு, அரிசியை உதிரியாக வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, கண்ணால் பார்த்து மூக்கால் மோந்து தெரிந்துகொள்ளலாம். எண்ணெய்யும் மிளகாய்த் தூளும் உதிரியாக வேண்டவே வேண்டாம். செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்) வாங்கி, காயவைத்து, மில்லில் கொடுத்துத் திரித்துக்கொள்ளுங்கள். எல்லா டவுனிலும் மில் இருக்கிறது.

இப்போது உங்கள் மசாலா மூட்டை. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கில் எம்.டி.எச்., எவரெஸ்ட் மசாலாக்கள் சிலவற்றில் எத்திலீன் ஆக்சைடு இருக்கிறது என்று விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். சிங்கப்பூரும் எவரெஸ்ட் மீன் மசாலாவைத் திரும்பப் பெறச் சொன்னது. கிருமி கொல்லப் பயன்படுத்துகிற வாயு அது, நீண்ட நாள் உடம்பில் சேர்ந்தால் புற்றுநோய் வரக்கூடும் என்பதால்தான் அந்த நடவடிக்கை. எல்லா மசாலாவும் கெட்டது என்று சொல்ல வரவில்லை. பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பொட்டலத்துக்கு இந்த நாட்டில் பொறுப்புச் சொல்ல ஆள் கிடையாது, அதைத்தான் சொல்கிறேன். இங்கே முறைப்படி இறக்குமதியாகிற இந்தியச் சாமானில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, இலங்கை ரூபாய் விலை போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பொட்டலத்தில் இரண்டு விலை தெரியும்: அச்சிட்டது இந்திய விலை, ஸ்டிக்கரில் இருப்பதுதான் இங்கத்து விலை. ஸ்டிக்கரே இல்லாத இந்தியச் சாமான் கடைத் தட்டில் இருந்தால், அது யாரோ பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தது என்று எடுத்துக்கொள்ளலாம். மலிவாக இருந்தாலும் நான் தொட மாட்டேன். ஸ்டிக்கர் பழைய திகதியின் மேல் ஒட்டியிருந்தாலும் வேண்டாம். விலைச்சீட்டையோ லேபிளையோ மாற்றுவதும் அழிப்பதும் இங்கே சட்டப்படி குற்றம்.

நம் ஊர்க் கண்ணை ஏமாற்றக்கூடிய ஒன்று: புள்ளி. ஊரில் பச்சைப் புள்ளி என்றால் சைவம். இங்கே குளிர்பானப் போத்தலில் பச்சை, மஞ்சள், சிவப்பு போட்டிருப்பது சீனியின் அளவுக்கு. 2016இல் கொண்டுவந்தார்கள். 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை. உங்கள் வீடு சைவம் என்றால் பிஸ்கட்டானாலும் சூப் கட்டியானாலும் உள்ளே என்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியலைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

பிரச்சினை வந்தால் எங்கே போவது என்று கேட்டீர்கள். இரண்டு இடம் இருக்கிறது. அழுகல், பூச்சி, காலாவதி, அசுத்தம் போன்ற சாப்பாட்டு விஷயத்துக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். எல்லோரும் பி.எச்.ஐ. என்றுதான் சொல்வார்கள், உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருப்பார். கூடுதல் விலை, லேபிள் மோசடி, பில் தர மறுப்பது போன்றவற்றுக்குப் பாவனையாளர் (நுகர்வோர்) அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி எண் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கு அதிகாரம் தருகிறது. அந்தச் சட்டப்படி நீங்கள் கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டு தந்தே ஆக வேண்டும், விலைப்பட்டியலும் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். வாங்கிய சாமான் சரியில்லை என்று இழப்பீடு கேட்பதானால் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு (புகார்) கொடுக்க வேண்டும். 2021இல் சட்டத்தைத் திருத்தித் தண்டத்தையும் கூட்டினார்கள். நிர்ணய விலைக்கு மேல் விற்றால் தனி ஆளுக்கு ஒரு இலட்சத்திலிருந்து, கம்பனிக்கு ஐந்து இலட்சத்திலிருந்து தொடங்கும். பாண் என்கிற பிரெட்டுக்குக்கூட நிறை உண்டு: முழுப் பாண் 450 கிராம், 13.5 கிராம் வரைதான் குறையலாம் என்று 2024இல் வர்த்தமானி (அரசிதழ் அறிவிப்பு) போட்டார்கள். தண்ணீர்ப் போத்தலுக்கு 2025 ஏப்ரலில் உச்ச விலை வைத்தார்கள், அரை லீட்டர் 70 ரூபாய், ஒரு லீட்டர் 100 ரூபாய். உல்லாசப் பயணிகள் வருகிற இடங்களில் கூடுதலாகக் கேட்பார்கள், போத்தலில் இருக்கிற விலையைக் காட்டிப் பேசுங்கள்.

ஆனால் எல்லோராலும் இப்படிப் பேச முடியாது, அது என் மனதை உறுத்துகிற விஷயம். தோட்டத்தில் பல வீடுகள் கொப்பிக் கணக்கில்தான் சாமான் வாங்குகின்றன. மாதம் முழுக்கக் கடனுக்கு எடுத்து, சம்பளத்தன்று கட்டுவார்கள். கடன் கொடுக்கிற கடையில் போய், இந்தப் பிஸ்கட் திகதி முடிந்தது என்று எப்படிச் சொல்வார்கள்? நாளைக்கு அரிசி தர மாட்டாரே என்ற பயம். உங்கள் கையில் காசு இருக்கிறது, படிப்பு இருக்கிறது. நீங்கள் கேட்டால் கடைக்காரர் அந்தப் பெட்டியையே தட்டிலிருந்து எடுத்துவிடுவார், கொப்பிக்காரர்களுக்கும் அது நன்மை. சத்தம் போட வேண்டாம். "அண்ணே, இது திகதி முடிஞ்சிருக்கு, கம்பனி ஆள் வந்தா மாத்திக்கிடுங்க" என்று மெதுவாகச் சொன்னால் போதும். முக்கால்வாசிப் பேர் உடனே எடுத்துவிடுவார்கள். திரும்பத் திரும்ப வைக்கிற கடையென்றால் 1977க்கு அடியுங்கள், தயங்க வேண்டாம்.

தள்ளுபடிக்கு வருவோம். இங்கே விலைக்கழிவு என்று போர்டு வைப்பார்கள். பெரிய காலம் இரண்டு: சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி. தீபாவளிக்கு முன்னால் தோட்டங்களில் அட்வான்ஸ் கொடுப்பார்கள், அப்புறம் மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். அந்தக் காசு கையில் வருகிற வாரம்தான் ஹட்டன் கடைத்தெருவில் நடக்க இடம் இருக்காது. துணிக்கு அந்த நேரம் உண்மையிலேயே தேர்வு அதிகம், ஆனால் விலை இறங்கும் என்று நான் சொல்ல மாட்டேன். முடிந்தால் ஒரு மாதம் முந்தி எடுத்துவிடுங்கள். சம்பள நாளைப் பார்த்துத் தோட்டத்துக்கே லொறியில் பிஸ்கட், பாய், பிளாஸ்டிக் சாமான் கொண்டுவந்து கூவி விற்பார்கள். பாயும் வாளியும் வாங்கலாம். தின்கிற பொருளைத் திகதி பார்க்காமல் வாங்காதீர்கள், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பது பெரும்பாலும் திகதி நெருங்கியதாகவே இருக்கும். டிசம்பரில் சூப்பர் மார்க்கெட்டில் கட்டி வைக்கிற பரிசுக் கூடைகளிலும் உள்ளே இருக்கிற ஒவ்வொன்றையும் கண்ணாடித் தாள் வழியாகப் பாருங்கள், வருஷம் பிறந்த பிறகு பாதி விலைக்கு வருகிற கூடையென்றால் இன்னும் கவனமாக.

ஏப்ரலில் நுவரெலியா சீசன். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று நாடே மேலே ஏறி வரும். அந்த மாதம் நுவரெலியாவில் எதுவும் வாங்காதீர்கள், தலவாக்கலை டவுனிலேயே முடித்துக்கொள்ளுங்கள். புத்தாண்டை ஒட்டிச் சில நாள் கடைகள் மூடியே இருக்கும், காய்கறி முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். போயா தினத்தில் (பௌர்ணமியன்று) இறைச்சிக் கடை திறக்காது. கண்ணெதிரே கரட்டும் லீக்ஸும் விளைகிற ஊரில் அவை ஏன் இந்த விலை என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கும் இன்றைக்கும் அது கோபம்தான். தம்புள்ளை மொத்தச் சந்தையில் அன்று போன விலைதான் இங்கே பேச்சு. தோட்டத்துப் பின்பக்கம் காய்கறிப் பாத்தி போடுகிற குடும்பங்கள் இருக்கும், அவர்களோடு பழகிக்கொள்ளுங்கள். காசு நேராக அவர்கள் கைக்குப் போகும், உங்களுக்கும் புதிதாகக் கிடைக்கும்.

அதனால் மூட்டையைக் குறையுங்கள் தங்கச்சி. பருப்பு வேண்டாம், மசாலாத் தூள் வேண்டாம், இட்லி அரிசி, உளுந்து எல்லாம் ஹட்டனில் கிடைக்கிறது. அம்மா போட்ட ஊறுகாயும் வடகமும் கொண்டுவாருங்கள், ஆனால் இங்கத்து ஈரத்தில் வடகம் நமுத்துவிடும், காற்றுப் புகாத டப்பா இரண்டு சேர்த்து வையுங்கள். நல்ல ஸ்வெட்டர் ஒன்று ஊரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், தை மாதம் இங்கே விடியற்காலைக் குளிர் கடுமையாக இருக்கும். வந்து இறங்கிய பிறகு ஒரு நாள் பஸ் ஏறி ஹட்டனுக்கு வாருங்கள், எந்தக் கடையில் எது வாங்கலாம் என்று கூட நடந்து காட்டுகிறேன்.