காரில் கூடுதல் விளக்கு பொருத்தும்போது ஃபியூஸ் எப்போது தேவை?

ஃபியூஸ் என்பது, அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் தானே உருகி இணைப்பைத் துண்டிக்கும் மெல்லிய உலோகத் துண்டு. பனி விளக்கோ ஆம்ப்ளிஃபயரோ பொருத்துவதற்காகப் பேட்டரியின் நேர்முனையிலிருந்து தனி வயர் இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது கட்டாயம் தேவை. 12 வோல்ட்தானே என்ற அலட்சியம் ஆபத்தானது. வயரின் உறை தேய்ந்து காரின் தகட்டைத் தொட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்ட, வயர் பழுக்கக் காய்ந்து தீப்பற்றும். ஃபியூஸுக்கு முன்னுள்ள பகுதிக்குப் பாதுகாப்பே இல்லை என்பதால், அதைப் பேட்டரிக்கு மிக அருகில் வைக்க வேண்டும்; சுவருக்குள் குழாய் உடைந்தால் சமையலறைக் குழாயை மூடிப் பயனில்லை, மாடித் தொட்டியடி வால்வைத்தானே மூடுகிறோம். 55 வாட் விளக்குகள் இரண்டும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் ஃபியூஸும், அதைவிட அதிகம் தாங்கும் வயரும் போதும். ஃபியூஸ் விளக்கைக் காப்பதற்கென்றே பலர் எண்ணுகிறார்கள்; உண்மையில் அது காப்பது வயரை, ஆகவே அடிக்கடி போகிறதென்று 30 ஆம்பியர் ஃபியூஸ் மாட்டினால் அந்தப் பாதுகாப்பே போய்விடும்.