புரோட்டீன் சி குறைந்தால் புரதம் சாப்பிட வேண்டுமா?

கேள்வி: என் அக்காவுக்குக் காலில் ரத்தம் உறைந்து, மூன்று மாதமாக, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் எடுத்த ரிப்போர்ட்டில் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் இரண்டும் குறைவு என்று வந்திருக்கிறது. புரதச்சத்துள்ள உணவு அதிகம் கொடுத்தால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. இது சாப்பாட்டுப் புரதம் இல்லை. பெயர்தான் குழப்புகிறது. 1976ல் ஸ்டென்ஃப்ளோ என்ற ஸ்வீடன் ஆய்வாளர் ரத்தப் புரதங்களைப் பிரித்தபோது மூன்றாவதாக வந்ததால் அது 'சி'. சியாட்டிலில் கண்டுபிடித்ததால் மற்றது 'எஸ்'. அவ்வளவுதான்.

இரண்டும் ரத்தம் உறைவதற்கான பிரேக். கை அறுபட்டால் திராம்பின் என்ற நொதி ஃபைப்ரின் இழைகளை உண்டாக்கி, வலை பின்னி, காயத்தை அடைக்கிறது. அந்த வலை காயத்தோடு நிற்க வேண்டும், இல்லையென்றால் ரத்தக் குழாய் முழுக்கப் பரவிவிடும். அதனால் மிச்சமாகிற திராம்பினை ஆன்டித்ராம்பின் என்ற இன்னொரு ரத்தப் புரதம் பிடித்து முடக்குகிறது (ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசி செய்வதும் இந்த ஆன்டித்ராம்பினை வேகப்படுத்துவதுதான்). எனக்கு எப்போதும் வியப்பு தருவது அடுத்த கட்டம். காயமில்லாத குழாய்ச் சுவரில் திராம்போமாடுலின் என்றொரு புரதம் இருக்கிறது. திராம்பின் அதில் போய் ஒட்டியதும் குணமே மாறி, உறைய வைப்பதை விட்டுவிட்டு புரோட்டீன் சியைத் தட்டி எழுப்புகிறது, அந்த சி, எஸ்ஸைத் துணைக்கு வைத்துக்கொண்டு, உறைதலை முடுக்கும் ஐந்தாம், எட்டாம் காரணிகள் என்ற ரத்தப் புரதங்களை வெட்டிப் போடுகிறது.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். கல்லீரல் சியையும் எஸ்ஸையும் முறையாகத் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் தடுப்பதே அந்த வைட்டமினின் வேலையைத்தான். ஆக, மாத்திரை சாப்பிடும் யாருக்கு எடுத்தாலும் இரண்டும் குறைவாகத்தான் காட்டும். இதை வைத்துப் பரம்பரைக் குறை என்று பயப்பட வேண்டாம். கர்ப்பத்திலும், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் எஸ் குறையும்.

வார்ஃபரின் மாத்திரையை நிறுத்திச் சில வாரம் கழித்து எடுக்கும் டெஸ்ட்தான் நம்பகமானது. ஆனால் எப்போது நிறுத்தலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், டெஸ்டுக்காக நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்திவிடாதீர்கள். அப்போதும் குறைவாகவே வந்தால், அப்புறம் உங்கள் விஷயமும் இருக்கிறது: பரம்பரைக் குறை என்றால் உடன்பிறந்தவருக்கும் அது இருக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. கருத்தடை மாத்திரை, கர்ப்பம், பெரிய ஆபரேஷன் என எது வந்தாலும் அக்காவின் கதையை உங்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.