டொயோட்டா 86: எஞ்சினில் எங்கே செலவழிப்பது?

கிள்ளானிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "2013-ஆம் ஆண்டு டொயோட்டா 86, மேனுவல் கியர் வண்டியைப் போன மாதம் பழைய வண்டியாக வாங்கினேன். 112,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை சிப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்ட ஆசை. தள்ளுபடியில் கிடைத்ததென்று கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். சத்தம் மாறியது, வேகம் மாறவில்லை. ஹெடர், முழு எக்ஸாஸ்ட், பிறகு டர்போ என்று பட்டறையில் ஒரு பட்டியல் எழுதித் தந்திருக்கிறார்கள். 250 குதிரைத்திறன் வேண்டும். எதில் தொடங்குவது?"

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாமல் இந்த எஞ்சினில் 250 வராது. 1998 சிசி எஞ்சினிலிருந்து நிமிடத்துக்கு 7,000 சுழற்சியில் 200 குதிரைத்திறன், அதாவது லிட்டருக்கு நூறு, தொழிற்சாலையிலேயே எடுத்துவிட்டார்கள். அழுத்த விகிதம் 12.5, அதாவது சிலிண்டருக்குள் வந்த கலவையை அத்தனை மடங்கு நெருக்குகிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு இன்ஜெக்டர்கள்: ஒன்று நேராகச் சிலிண்டருக்குள்ளும், மற்றொன்று வால்வுக்கு முன்னாலும் பெட்ரோல் தெளிக்கும். ஆலையில் நன்றாகப் பிழிந்து அனுப்பிய கரும்பு இது. சக்கையை மறுபடி பிழிந்தால் கிடைக்கும் சாறு கொஞ்சந்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 200 என்பது எஞ்சின் தண்டில் அளந்த கணக்கு. கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் எல்லாம் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, சக்கரத்தில் சக்தியை அளக்கும் டைனோ கருவியில் இந்த வண்டி 160, 170 என்றுதான் காட்டும். டைனோவுக்கு டைனோ கணக்கும் மாறும். "250" என்று பட்டறையில் சொன்னால், எங்கே அளந்த 250 என்று கேளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில் அளந்த தாள்கள் இரண்டும் கைக்கு வராமல் பணம் தராதீர்கள்.

ஆனால் உங்கள் வண்டியில் உண்மையில் குறைவாக இருப்பது உச்சியில் வரும் குதிரைத்திறன் அல்ல. டைனோ உருளைகளின் மேல் ஏற்றி, நான்காம் கியரில் கால் எடுக்காமல் அழுத்தினால் திரையில் அது தெரியும். முறுக்குவிசைக் கோடு 3,000 வரை ஒழுங்காக ஏறும். 3,500-ஐ நெருங்கும்போது தொய்ந்து, ஏறத்தாழ 4,500 வரை பள்ளத்திலேயே கிடந்து, பிறகுதான் எழுந்து ஓடும். கெந்திங் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் 75 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டு முந்தப் பார்த்திருந்தால் இதை உணர்ந்திருப்பீர்கள். கால் அழுந்தும், வண்டி யோசிக்கும். அந்த வேகத்தில் எஞ்சின் சரியாக 4,000 சுழற்சியில், பள்ளத்தின் நடுவில் இருக்கிறது.

காரணம் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் குழாய்களில் இருக்கிறது. ஒவ்வொரு முறை எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடி, குழாய் கூடும் இடத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. உள்ளே விடும் வால்வும் வெளியே விடும் வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் அந்தக் கண நேரத்தில் திரும்பி வருவது தாழ்வழுத்தமாக இருந்தால், எரிந்த வாயுவை இழுத்து வெளியேற்றிப் புதுக் காற்றையும் உள்ளே வரவழைக்கும். உயரழுத்தமாக இருந்தால் கதவைத் திறக்கும்போது எதிர்ப்புறம் ஒருவர் தள்ளுவது போலாகிவிடும். எது எப்போது வந்து சேரும் என்பதைக் குழாயின் நீளமும் எஞ்சினின் சுழற்சியும் தீர்மானிக்கின்றன. இந்த வண்டியின் ஹெடரிலேயே, அதாவது எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் முதல் குழாய்த் தொகுதியிலேயே, எஞ்சினுக்கு ஒட்டினாற்போல், ஒரு கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பொருத்தியிருக்கிறார்கள். எஞ்சினை முடுக்கியதும் அது சீக்கிரம் சூடேறிப் புகையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது நோக்கம். அதற்கு இடம் கொடுத்ததிலும், புகை விதிகளுக்கு ஏற்பக் கேம் நேரத்தை (வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை) அமைத்ததிலும் நடுச் சுழற்சி அடிபட்டது.

ஆகவே உங்கள் பட்டறைப் பட்டியலில் காசுக்குப் பெறுமதியான ஒரே பொருள் ஹெடர். அதுவும் தனியாக அல்ல, இசியு ரீமேப்புடன், அதாவது எஞ்சினை இயக்கும் கணினியின் அமைப்பை மாற்றுவதுடன் சேர்த்து. குழாய் நீளம் மாறினால் கேம் நேரத்தையும் பற்றவைக்கும் நேரத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்தால் உச்சத்தில் 10 முதல் 15 குதிரைத்திறன் கூடும். அது பெரிய விஷயமில்லை. நடுப்பள்ளம் பெருமளவு தூர்ந்துபோகும் என்பதுதான் விஷயம், அன்றாடம் ஓட்டும்போது தெரிவது அதுதான். ஹெடர் வாங்கும்போது கன்வெர்ட்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கன்வெர்ட்டர் இல்லாத ஹெடரைப் பொருத்தினால் புகைச் சோதனையிலும் இடறும், டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கும் எரியும். விளக்கை மென்பொருளில் அணைத்துத் தருகிறேன் என்பவர் உங்கள் சிக்கலைத் தீர்க்கவில்லை, மறைக்கிறார். குழாய்கள் சமநீளமா, ஏறுக்குமாறா என்று நண்பர்கள் வாதாடுவார்கள். ஏறுக்குமாறான நீளம் பழைய சுபாருவின் தடதட சத்தத்தைத் தரும். சமநீளம் சக்தியைத் தரும். நான் சமநீளத்தின் பக்கம்.

முழு எக்ஸாஸ்ட் என்பது கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாயும் சைலன்சரும். சத்தம் மாறும், சில கிலோ எடை குறையும், அவ்வளவுதான்.

ரீமேப் செய்யும் முன் எந்தப் பெட்ரோல் போடப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். 12.5 அழுத்த விகிதத்துக்கு ரோன் 95 பொருந்தாது. இந்த எஞ்சின் கேட்பது 98. நம் நிலையங்களில் 97 கிடைக்கிறது, சில இடங்களில் 100-ம் கிடைக்கிறது. வழக்கமாக நிரப்பப் போகும் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே டைனோவுக்குப் போங்கள். 100-இல் அமைத்த ரீமேப்பை வைத்துக்கொண்டு மாதக் கடைசியில் 95 நிரப்பினால் நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் கலவை நேரம் தவறித் தானாக வெடிக்கும். இசியு உடனே பற்றவைப்பைப் பின்தள்ளும், காசு கொடுத்து வாங்கிய சக்தி அந்தக் கணமே போய்விடும். அமெரிக்க, ஆஸ்திரேலியக் காணொளிகளில் இந்த வண்டிக்கு இ85 எத்தனால் எரிபொருளை ஊற்றி அள்ளும் எண்களைப் பார்த்து ஏங்க வேண்டாம். அது நம் நிலையங்களில் விற்கப்படுவதில்லை.

இனி டர்போ. என் மேசையில் காகிதங்கள் பறக்காமலிருக்க ஒரு கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி) வைத்திருக்கிறேன். உங்களுடையதைப் போன்ற, டர்போ பொருத்திய வண்டியிலிருந்து கழற்றியது. நேர்ப்பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். தட்டையான மேசையில் படுக்க வைத்தால் ஒரு பக்கம் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த டர்போ கிட்டில் பழுதில்லை. தாழ்ந்த சுழற்சியிலேயே முறுக்குவிசை குவியும்படி அதை அமைத்துத் தந்தவரிடம்தான் பிழை. 7,000 சுழற்சியில் வரும் குதிரைத்திறனைத் தாங்கும் ராடு, 3,500-இல் சிலிண்டருக்குள் குவியும் அழுத்தத்தைத் தாங்காமல் வளையும். ஏற்கெனவே 12.5-க்கு அழுத்தும் எஞ்சினுக்குள் மேலும் காற்றைத் திணிப்பதால், நம் ஊர் வெயிலில் நாக்கிங்கும் வாசலிலேயே நிற்கும்.

மையவிலக்கு சூப்பர்சார்ஜர் இதில் கொஞ்சம் சாது. சுழற்சி ஏற ஏறத்தான் அதன் அழுத்தமும் ஏறும், ராடுக்கு நல்லது. ஆனால் அதே காரணத்தால் நடுப்பள்ளத்தைச் சரியாகத் தூர்க்காது. எதைப் போட்டாலும் கிளட்ச், ஆயில் கூலர், பெரிய இன்ஜெக்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டும். எஞ்சினில் இப்படிப்பட்ட மாற்றத்துக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதல் வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் பொருத்திவிட்டு விபத்து நேர்ந்தால் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும். 250-ஐ நோக்கிப் பட்டறைக்குப் போகும் முன் இந்த மொத்தத் தொகையையும் ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். அடுத்த தலைமுறை ஜிஆர் 86-இல் நிறுவனத்தார் டர்போ எதையும் ஒட்டவில்லை. எஞ்சினை 2,387 சிசி ஆக்கினார்கள். 3,700 சுழற்சியிலேயே 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வருகிறது. பழைய பள்ளம் இருந்த அதே இடத்தில்.

ஹெடருக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். 2012 மார்ச் முதல் 2013 ஜூலை வரை தயாரான இந்த எஞ்சின்களில் வால்வு ஸ்பிரிங் முறியும் அபாயம் இருந்ததால் 2018-இன் இறுதியில் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. உங்கள் வண்டியும் அதில் அடங்கலாம். சேசிஸ் எண்ணை டொயோட்டா சேவை மையத்தில் கொடுத்து, வேலை முடிந்திருக்கிறதா என்று கேளுங்கள். முடிந்திருக்கிறது என்றாலும் ஆயில் பானைக் கழற்றி, உறிஞ்சு குழாயின் வலையைப் பாருங்கள். அந்த வேலைக்காக எஞ்சினைப் பிரித்து மூடும்போது சீலன்ட் பசையைத் தாராளமாகப் பூசியிருந்தால் அது உள்ளே பிதுங்கி, துணுக்கு துணுக்காக உடைந்து அந்த வலையில்தான் போய் அடையும். ஆயில் அழுத்தம் குறையும், மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. கூடவே கம்ப்ரஷன் சோதனையும் செய்துவிடுங்கள். நான்கு சிலிண்டர்களின் அளவும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தால் மேலே போகலாம். காலையில் எஞ்சினிலிருந்து சில்வண்டு போல ஒரு கிரீச்சொலி கேட்கிறது என்று பயந்து எழுதுபவர்கள் உண்டு. அது உயரழுத்தப் பெட்ரோல் பம்பின் குரல், நோயல்ல.

சிப்பாங்குக்குப் போவதானால் ஆயில் வெப்பமானி ஒன்றைப் பொருத்துங்கள். தடம் ஐந்தரை கிலோமீட்டர், நீண்ட நேர்ப்பாதைகள் இரண்டு. சில சுற்றுகளிலேயே ஆயில் 120 டிகிரியைத் தாண்டிவிடும். தாண்டினால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். எஞ்சினைத் தொடாமல் இழுவை கூட்டவும் ஒரு வழி உண்டு. உங்கள் டிஃபரென்ஷியலின் விகிதம் 4.1. 2017-க்குப் பிந்தைய மேனுவல் வண்டிகளில் 4.3. அந்தப் பல்சக்கரத் தொகுதி கிடைத்தால் எல்லாக் கியரிலும் இழுவை ஏறத்தாழ ஐந்து விழுக்காடு கூடும்.

கூம்பு ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். ஒரிஜினல் ஃபில்டர் பெட்டி முன்புறத்திலிருந்து குளிர்ந்த காற்றை வாங்குகிறது, உங்கள் கூம்பு பானட்டுக்குள் கொதிக்கும் காற்றை வாங்குகிறது. காற்றை அளக்கும் சென்சார் உட்கார்ந்திருக்கும் குழாயின் விட்டம் மாறியிருந்தால் இசியுவின் கணக்கும் பிசகியிருக்கும். உங்களுக்குப் பிடித்த அந்த உறுமலுக்கும் அது தேவையில்லை. காற்று உள்ளே போகும் சத்தத்தைக் கேபினுக்குக் கொண்டுவர ஒரு குழாயை இந்த வண்டியில் நிறுவனமே வைத்திருக்கிறது. பழைய பெட்டியைக் குப்பையில் போடாமல் வைத்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.