கிளி இறகைப் பிடுங்குகிறதா? முதலில் தலையைப் பாருங்கள்

எங்கள் காக்டெயில் (கொண்டை வைத்த சின்னக் கிளி) தன் நெஞ்சு இறகையெல்லாம் பிடுங்கிவிட்டது. பேன் பவுடர் போட்டும் நிற்கவில்லை. புதுக்கூண்டு கட்டி ஒரு மாதம்தான் ஆகிறது.
*பாலக்கோடு வாசகி*

பவுடரை இன்றே நிறுத்துங்கள். வீட்டுக்குள் வளரும் கிளிக்குப் பேன் அவ்வளவாக வராது. தலையைப் பாருங்கள். அதன் அலகுக்கு எட்டாத இடம் அது ஒன்றுதான். தலை இறகு அப்படியே இருந்து நெஞ்சும் இறக்கையின் உள்பக்கமும் மொட்டையாக இருந்தால், தானே பிடுங்குகிறது. தலையும் வழுக்கை என்றால் கூட இருக்கும் ஜோடி கொத்தியிருக்கலாம், அல்லது நோய். இறகு உதிரும் பருவம் வேறு மாதிரி: இரண்டு பக்கமும் ஒரே அளவில் உதிரும், அடியில் ஊசி ஊசியாகப் புது இறகு தெரியும்.

எனக்கு உறுத்துவது அந்தப் புதுக்கூண்டு. ஜிஐ வலையா, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி வலையா? கிளி கம்பியை நாள் முழுக்கக் கடிக்கும்; துத்தநாகப் பூச்சு வயிற்றுக்குள் போகும். அது நஞ்சு. இறகு பிடுங்குவதோடு வாந்தியும் சோர்வும் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். எவர்சில்வர் கூண்டுக்கு மாற்றிவிட்டு, ரத்தமும் எச்சமும் பரிசோதியுங்கள். காக்டெயிலுக்குக் குடல் ஒட்டுண்ணியாலும் அரிப்பு வரும். பக்கத்தில் பறவை பார்க்கும் மருத்துவர் இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள்.

இருவரும் வேலைக்குப் போகிறோம். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி தனியாக இருக்கிறது. பிடுங்கும்போது அதட்டினால் இன்னும் பிடுங்குகிறது.
*ஓசூர் வாசகர்*

அதட்டாதீர்கள். பகலெல்லாம் பேச ஆளில்லாத பறவைக்கு உங்கள் அதட்டலும் பேச்சுதான். காட்டில் கூட்டமாக இரை தேடி அலையும் இனம் அது. கிண்ணத்தில் தீனி போட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. நம் பக்கம் கேழ்வரகுக் கதிருக்கா பஞ்சம்? மருந்து அடிக்காத கதிரைப் பனை ஓலையில் சுருட்டிக் கட்டித் தொங்கவிடுங்கள். ஓலையை நார் நாராகக் கிழித்து எடுக்கட்டும். இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தூக்கம் வேண்டும். டிவி ஓடும் ஹாலில் அது கிடைக்காது. அப்புறம், கிளி இருக்கும் அறையில் சிகரெட் கூடவே கூடாது.

எங்கள் கிளி சூரியகாந்தி விதை மட்டும்தான் தின்கிறது. தோல் வறண்டிருக்கிறது.
*காவேரிப்பட்டணம்*

விதையில் வைட்டமின் ஏ மிகக் குறைவு. முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். விதையை ஒரேயடியாக நிறுத்தினால் பட்டினி கிடக்கும். அவகாடோ வேண்டவே வேண்டாம். காலையில் வெறும் தண்ணீரைத் தெளியுங்கள். எண்ணெய் எதுவும் தடவாதீர்கள்.

பச்சைக்கிளி வளர்க்கிறோம், அதுவும் பிடுங்குகிறது.
*பென்னாகரம்*

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள். நீங்களாகப் பறக்கவிட்டால் இரை தேடத் தெரியாமல் செத்துப்போகும்.

பிடுங்கிய இறகு திரும்ப முளைக்குமா?
*அரூர்*

வேர்க்குழி கெடாமல் இருந்தால் முளைக்கும், மாதக்கணக்கில் ஆகும். வருடக்கணக்காகப் பிடுங்கிய இடத்தில் முளைக்காமலே போகலாம். ஆனால் பிடுங்குவதை நிறுத்திவிட்ட கிளி, நெஞ்சு மொட்டையாகவே இருந்தாலும் நன்றாக வாழும்.