விருப்பப் பாடத் தெரிவு: நிலத்தடி நீரை விட்டுவிடாதீர்கள்

தம்பி, நிலத்தடி நீரியல், திண்மக் கழிவு முகாமைத்துவம், வளி மாசுக் கட்டுப்பாடு, ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தரவுகளைக் கையாளும் முறை) ஆகிய நான்கில் இரண்டைத் தெரிய வேண்டும், படிப்பு முடிந்து யாழ்ப்பாணத்திலேயே வேலை செய்ய ஆசை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் நிலத்தடி நீரியலை யோசிக்காமல் எடுங்கள்.

யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. நாங்கள் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீர்தான். அந்தக் கல்லில் வெடிப்புகளும் பொந்துகளும் அதிகம். வெங்காயத்துக்குப் போட்ட யூரியாவும் மலக்குழியில் ஊறுவதும் சரியாக வடிபடாமலே கிணற்றில் நைத்திரேற்று என்ற மாசாகச் சேர்கின்றன. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறிவிடும். இங்கே சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை தெரியும்தானே? மாசு எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக நகரும் என்று கணிப்பதை இந்தப் பாடத்தில்தான் படிப்பீர்கள். கணக்கு கடினம், உண்மை. ஆனால் நிலத்தடி நீரின் ஓட்டத்தைக் கணிக்கும் டார்சி விதி மணலுக்குப் பொருந்துவதுபோல இந்தப் பொந்துக் கல்லுக்கு ஏன் அப்படியே பொருந்தாது என்று விரிவுரையாளரிடம் கேட்டுப் பாருங்கள், ஆர்வம் தானாக வரும்.

இரண்டாவதாகத் திண்மக் கழிவு. குப்பை மேட்டிலிருந்து கசியும் நீரும் அதே கல்லுக்குள்தான் இறங்குகிறது. ஜிஐஎஸ் கட்டாயம் தேவை, ஆனால் அதற்கான கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், விடுமுறையில் நீங்களே பழகலாம். வளி மாசு சுலபம் என்று நண்பர்கள் சொல்வதை மட்டும் நம்பி அதை எடுக்க வேண்டாம்.

பதிவதற்கு முன் சீனியர்களிடம் பாடத்திட்டத்தை வாங்கி, ஆய்வுகூட வேலையும் கள வேலையும் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.