அந்த டேலி சர்வர் யாருடையது?

அன்புள்ள அக்கா,

கோவையில் ஒரு ஐடி சர்வீஸ் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன். மில், ஆஸ்பத்திரி, நகைக்கடை என்று முப்பதுக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களை ஒரே டாஷ்போர்டில் பார்த்துக்கொள்கிறோம். ஆன்டிவைரஸ் அலர்ட் எல்லாம் ஒரு பொது மெயிலுக்கு வந்து டிக்கெட்டாக மாறும். போன வாரம் ‘டேலிசர்வர்’ என்ற மெஷினில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) சந்தேகம் என்று ஒன்று வந்தது. அதன் ஐபி முகவரி 192.168.1.10. டாஷ்போர்டில் தேடினால் அதே பெயரில் நான்கு. ஒரு மில்லுக்கு போன் போட்டுக் கேட்டேன், ஆமாம் என்றார்கள். அந்த சர்வரை நெட்வொர்க்கிலிருந்து துண்டித்தேன். பிரச்சினை இருந்ததோ ஒரு ஆஸ்பத்திரியில். எனக்குக் கவனம் போதாது என்கிறார் மேனேஜர். எதைக் கவனிப்பது என்றுதான் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் மேனேஜர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 192.168 என்று தொடங்கும் எண்களை யார் வேண்டுமானாலும் தங்கள் அலுவலகத்துக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று 1996-லேயே வகுத்துவிட்டார்கள். முப்பது அலுவலகத்திலும் அதே எண் இருக்கும். டேலி ஓடும் சர்வருக்கு டேலிசர்வர் என்று பெயர் வைக்காத கணக்காளரும் நம் ஊரில் குறைவு. வெளியே தெரியும் பொது ஐபியும் உதவாது. பல பிராட்பேண்ட் இணைப்புகளில் அது அடிக்கடி மாறும், சிலவற்றில் பல பேர் ஒரே எண்ணுக்குப் பின்னால் இருப்பார்கள். யாரையும் அடையாளம் காட்டாத இரண்டு தகவல்களைக் கையில் கொடுத்துவிட்டு நள்ளிரவில் கவனமாக இரு என்றால் எப்படி?

வாடிக்கையாளர் யார் என்பது அலர்ட் பிறக்கும்போதே அதில் இருக்க வேண்டும். சலவைக்கு வாங்கும்போதே துணியில் குறி போடுவதைப் போலத்தான். வெளுத்துக் குவித்த பிறகு தேட முடியாது. அநேகமாக எல்லாக் கண்காணிப்பு மென்பொருளிலும் இதற்கு வழி உண்டு. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி இன்ஸ்டாலர், அதற்குள் அவருக்கான சாவி. அந்தச் சாவியோடு மெஷினில் போட்ட ஏஜென்ட் (கண்காணிக்கும் நிரல்) எந்த ஐபியிலிருந்து பேசினாலும் அவர் கணக்கில்தான் விழும். உங்கள் பொது மெயிலுக்கு வரும் அலர்ட்டில் அந்தச் சாவி காட்டும் வாடிக்கையாளர் அடையாள எண் உதிர்ந்துவிடுகிறது. டிக்கெட்டில் அது கட்டாயம் வரும்படி செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

சாவி இருந்தும் கெடுவது உண்டு. டெக்னீஷியன் ஒரு வாடிக்கையாளரின் இன்ஸ்டாலரைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டு அடுத்த இடத்திலும் அதையே போட்டுவிடுவார். மில்லின் கணக்கில் நகைக்கடை மெஷின் வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்னொன்று, ஏஜென்ட் போட்ட ஹார்ட் டிஸ்கை அப்படியே குளோன் செய்வது. இரண்டு மெஷினும் ஒரே ஏஜென்ட் எண்ணைச் சொல்லும், டாஷ்போர்டில் ஒன்றாகத் தெரியும். சீரியல் எண்ணை வைத்துப் பிரிக்கலாம் என்றால், அசெம்பிள்டு கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அந்த இடத்தில் ‘டு பி ஃபில்டு பை ஓ.ஈ.எம்.’ (தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது) என்றுதான் இருக்கும். ஆகவே பட்டியலை அவ்வப்போது ஒவ்வொரு இடத்திலும் நேரில் சரிபார்க்க ஆள் வேண்டும். நிர்வாகங்கள் செலவு என்று தள்ளிப்போடும் வேலை இதுதான்.

சரி, இன்றிரவே ஒரு அலர்ட் வந்தால்? டிக்கெட்டை விட்டுவிட்டு ஆன்டிவைரஸ் கன்சோலுக்குள் போய் மூலப் பதிவைத் திறங்கள். லாகின் செய்திருந்த பயனர் பெயர், டொமைன் (அலுவலக நெட்வொர்க்) பெயர், கேட்வேயின், அதாவது அலுவலக ரவுட்டரின், மேக் முகவரி (கருவிக்கே உரிய எண்) இவற்றில் குறைந்தது இரண்டு டாஷ்போர்டோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். நேரத்தையும் பாருங்கள், பதிவு யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். போன் செய்யும்போது ‘உங்களிடம் டேலிசர்வர் இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். நான்கு பேரும் ஆமாம் என்பார்கள், உங்களுக்கு நடந்ததும் அதுதான். ‘அந்த மெஷினில் யார் பெயரில் லாகின் ஆகியிருக்கிறது’ என்று கேட்டு, பதிவில் உள்ள பெயரோடு நீங்கள் ஒப்பிடுங்கள். பதிலை அவர்கள் வாயிலிருந்து வரவிட்டால், ஒரு வாடிக்கையாளரின் விவரம் இன்னொருவர் காதில் விழுவதும் நிற்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு சர்வீஸ் கம்பெனியின் கருவி வழியே தாக்குதல் எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்துவிட்டோம். 2021 ஜூலை 2 அன்று சர்வீஸ் கம்பெனிகள் பயன்படுத்தும் கசேயா என்ற நிறுவனத்தின் மென்பொருள் வழியாக ரான்சம்வேர் பரவியபோது ஸ்வீடனில் கோஆப் நிறுவனம் சுமார் 800 கடைகளை மூட வேண்டியிருந்தது. அவர்கள் கசேயாவின் நேரடி வாடிக்கையாளர்கூட இல்லை. அவர்களுடைய பில்லிங் கருவிகளைப் பராமரித்தவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். அப்படிப்பட்ட இரவில் யாருக்கு முதலில் போன் செய்வது என்று உடனே தெரிய வேண்டும். நம் நாட்டில் இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவும் இருக்கிறது. இப்படிப்பட்ட சம்பவம் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தவறான இடத்தில் தேடிக் கழித்த நேரமும் அந்த ஆறில்தான் சேரும்.

அப்புறம், அந்த மில்லுக்கு நடந்ததைச் சொல்லிவிட்டீர்களா? ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லாமல், தவறுதலாகத் துண்டித்தோம், உங்கள் சர்வரில் எதுவும் இல்லை என்று எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்து உங்கள் மேனேஜருடையதாக இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா